ரோமத்தோல் விலையும் பொறி வைப்பவர்களும்: கேள்வி பதில்

கனடாவின் வட ஒன்டாரியோவில் ஒரு சிறிய ஊரில் கணக்கராக இருக்கிறேன். வரிக்கணக்கு எழுத வருபவர்களில், ரோமத்தோலுக்காக விலங்குகளைப் பிடிக்கக் காட்டில் பொறி வைப்பவர்களும் உண்டு. இந்தத் தொழில் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். விலைகள் எல்லாம் தோராயமானவை, டாலரில்.

கவிதா, கோயம்புத்தூர்: இந்தக் காலத்திலும் விலங்குத் தோல் விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்களா, ஐயா?

இருக்கிறார்கள் அம்மா. ஆனால் அதை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் மிகக் குறைவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை பொறி, மற்ற மாதங்களில் மரம் வெட்டு, மீன், சாலை வேலை, வேட்டைக்கு வருபவர்களுக்கு வழிகாட்டுவது என்று கலந்துதான் வண்டி ஓடுகிறது. அணை கட்டும் பீவர், கீரி போன்ற மார்ட்டன், நீரில் வாழும் எலியினமான மஸ்க்ராட், நீர்நாய், காட்டுப்பூனை இனமான லின்க்ஸ், நரி போன்ற கயோட்டி, ரக்கூன் ஆகியவைதான் முக்கியமாகப் பிடிபடுபவை.

முரளி, சென்னை: தோலுக்கு விலை வைப்பது யார், சார்? பிடிப்பவரா, வாங்குபவரா?

பிடிப்பவர் கையில் எதுவும் இல்லை. தோலை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, பலகையில் இழுத்துக் காயவைத்து ஏல நிறுவனத்துக்கு அனுப்புவார். அங்கே தரம் பிரிப்பவர்கள் அளவு, முடியின் அடர்த்தி, நிறம், கிழிசல் பார்த்து ஒரே மாதிரித் தோல்களை ஒன்றாகச் சேர்ப்பார்கள். சீனா, கொரியா, இத்தாலி, கிரேக்கத்தின் கஸ்தோரியா என்று பல இடங்களிலிருந்து வாங்குபவர்கள் ஏலம் கேட்பார்கள். காட்டுத் தோலுக்கு இன்று கனடாவில் பெரிய ஏலம் நார்த் பேயில் இருக்கும் ஃபர் ஹார்வெஸ்டர்ஸ். அது 1991இல் தொடங்கியது. பொறி வைப்பவர்களே அதன் உரிமையாளர்கள், பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் சரிபாதி.

ஒரே விலங்குக்கே விலை பல மடங்கு மாறும். மேற்கத்திய புல்வெளிகளின் கயோட்டிக்கு முடி வெளிறி, அடர்ந்திருக்கும். கிழக்கத்திய கயோட்டிக்கு அந்த மதிப்பு இல்லை. பருவத்துக்கு முன்னால் பிடித்தால் அடிமுடி வளர்ந்திருக்காது, உழைப்பு வீண்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. உலகச் சந்தையில் பெரும்பங்கு, பண்ணையில் வளர்க்கும் மிங்க் என்ற கீரி போன்ற சிறு விலங்கின் தோல். அதன் விலை ஏறினால் காட்டுத் தோலும் கூடவே ஏறும், விழுந்தால் விழும். காட்டில் இருப்பவர் எவ்வளவு நன்றாக உரித்துக் காயவைத்தாலும் இந்த அலையைத் தாண்ட முடியாது.

ஜான்சன், நாகர்கோவில்: 2013 பக்கம் இதில் பணம் கொட்டியது என்கிறார்கள். அப்புறம் என்ன ஆனது?

எல்லாம் ஒன்றாகக் கூடி வந்த ஆண்டு அது. சீனாவில் புதுப் பணக்காரர்கள், ரஷ்யாவில் எண்ணெய்ப் பணம், இரண்டு நாட்டிலும் நல்ல குளிர். ஒரு மஸ்க்ராட் தோல் 10 டாலரைத் தொட்டது. அவ்வளவு சிறிய விலங்குக்கு இது பெரிய விலை. ரக்கூன் 15, 20 என்று போனது. பொறியைப் பரணில் போட்டிருந்தவர்கள் எல்லாம் தூசி தட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி விலை ஏறிய அடுத்த பட்டத்தில் எல்லோரும் தக்காளி போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் நடந்தது. மிங்க் பண்ணைகள் உலகமெங்கும் பெருகின, சீனாவிலேயே ஏராளம். 2014 கடைசியில் எண்ணெய் விலையோடு ரஷ்ய நாணயமான ரூபிளும் சரிந்தது. ரஷ்யப் பெண்களுக்குக் கோட்டு தைத்த கஸ்தோரியா பட்டறைகள் வாங்குவதை நிறுத்தின. ஓரிரு ஆண்டில் மஸ்க்ராட் மூன்று டாலர் பக்கம் வந்தது. ரக்கூனைச் சில ஏலங்களில் கேட்பாரே இல்லை.

பிறகு அடி மேல் அடி. நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்‌ஷன்ஸ், இந்தக் கண்டத்தின் பெரிய ஏல நிறுவனம், 2019 அக்டோபரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. 2020 நவம்பரில் மிங்க் பண்ணைகளில் கொரோனா பரவியதால் டென்மார்க் தன் மிங்குகள் அனைத்தையும் கொல்ல உத்தரவிட்டது. அங்கே ஒன்றரைக் கோடிக்கு மேல் இருந்தன. உலகின் மிகப்பெரிய தோல் ஏல நிறுவனமான கோப்பன்ஹேகன் ஃபர் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. மிங்க் வரத்து குறைந்ததே, காட்டுத் தோலுக்கு விலை ஏறும் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். 2022இல் உக்ரைன் போர், ரஷ்யா மீது தடைகள். அந்தக் கணக்கும் பொய்த்தது.

இதுபோல் முன்பும் நடந்திருக்கிறது. எண்பதுகளின் நடுவில் ஒரு லின்க்ஸ் தோல் 500 டாலருக்கு மேல் போனது. 1987 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவும், ரோம ஆடைக்கு எதிரான இயக்கமும் சேர்ந்து சந்தையைக் கவிழ்த்தன.

செல்வி, ஸ்கார்பரோ: எங்கட பெடியள் எல்லாரும் ஒரு காலம் கனடா கூஸ் ஜாக்கெட்டோடதான் திரிஞ்சவை. அந்தத் தொப்பி விளிம்பு முடிக்கும் இதுக்கும் தொடர்பு உண்டோ, அண்ணை?

நேரடித் தொடர்பு, தங்கச்சி. அந்த விளிம்பு கயோட்டி முடி. மற்றத் தோல்கள் தரையில் கிடந்தபோது கயோட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனதற்கு இந்த ஜாக்கெட் மோகம்தான் காரணம். 2018 வாக்கில் நல்ல மேற்கத்தியத் தோல் நூறு டாலர் பக்கம் விற்றது. சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா விவசாயிகளுக்குப் பனிக்காலத்தில் கைச்செலவுக்கு நல்ல வழி. 2021 ஜூனில் கனடா கூஸ் நிறுவனம் அந்த ஆண்டு முடிவோடு ரோமம் வாங்குவதை நிறுத்துவதாகவும், 2022 முடிவுக்குள் ரோமம் வைத்துத் தைப்பதையும் விடுவதாகவும் அறிவித்தது. கயோட்டி விலை இறங்கிவிட்டது. ஒரு நிறுவனம் எடுத்த ஒரு முடிவு!

கயோட்டியின் எண்ணிக்கை குறையவில்லை. கன்றையும் ஆட்டையும் காக்க அதைச் சுடுகிறார்கள். முன்பு தோலை விற்றார்கள், இப்போது பலர் உரிப்பதுகூட இல்லை. இதை எந்தக் கணக்கில் நல்லது என்று எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை.

இப்ராஹிம், காயல்பட்டினம்: இவ்வளவு நட்டம் என்றால் எல்லோரும் விட்டிருக்க வேண்டுமே. ஏன் விடவில்லை?

நல்ல கேள்வி தம்பி. விட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் விட்டவர்கள் யார் என்று பாருங்கள். விலை ஏறியபோது புதிதாக வந்தவர்கள், ரக்கூனையும் மஸ்க்ராட்டையும் எண்ணிக்கைக் கணக்கில் பிடித்தவர்கள்தான் முதலில் போனார்கள். மூன்று டாலர் தோல் இருபது பிடித்தால் அறுபது டாலர். பனிவண்டிக்கு எண்ணெய் போட்டதுபோக மிச்சம் என்ன? உரிக்கிற நேரத்துக்குக் கூலியே கிடையாது. பீவர் இன்னும் மோசம். அதன் கொழுப்பைச் சுரண்டி, வட்டமாக இழுத்து ஆணி அடிப்பதற்குள் இடுப்பு போய்விடும். அதைப் பத்துப் பதினைந்து டாலருக்கு விற்ற ஆண்டுகளும் உண்டு. பெட்ரோல் விலையும் முதுமையும் சேர்ந்து சிலரை நிறுத்தின. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பொறித்தடத்தை யாரிடம் கொடுப்பது?

விடாமல் இருப்பவர்கள் வேறு கணக்கில் இருக்கிறார்கள். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் பதிவு செய்த பொறித்தடம் என்று ஒரு முறை உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா 1926இலேயே தொடங்கியது. குறிப்பிட்ட பரப்பில் பொறி வைக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும். அந்தக் காட்டில் அவருக்குக் குடில் இருக்கும். அப்பா வெட்டிய பாதை இருக்கும். இந்த ஆண்டு விலை இல்லை என்று விட்டால் நாளைக்கு அது வேறு கைக்குப் போகும். அதனால் வரவே இல்லாத ஆண்டிலும் பொறி வைப்பார்கள்.

பூர்வகுடிகளான க்ரீ மக்களின் கதை இன்னும் தனி. வட கியூபெக்கில் 1975இல் கையெழுத்தான ஜேம்ஸ் பே ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக, ஆண்டின் பெரும்பகுதியைக் காட்டில் கழிக்கும் வேட்டைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. அது தோலுக்குத் தரும் விலை இல்லை, காட்டில் இருக்கும் நாளுக்குத் தருவது. பீவர் அங்கே உணவும்கூட. வடமேற்குப் பிரதேசங்களில் அரசே தோலுக்கு முன்பணம் கொடுத்து ஏலத்துக்கு அனுப்புகிறது.

அப்புறம் பக்க வரும்படிகள். பீவரின் வாலடியில் இருக்கும் காஸ்டர் என்ற வாசனைப் பையை உலர்த்தி விற்பார்கள். வாசனைத் திரவியத்துக்கும் பொறி இரைக்கும் போகும். சில ஆண்டுகளில் பவுண்டுக்கு எண்பது, நூறு டாலர் வரை வந்தது, தோலைவிட அதுவே மேல். கவ்பாய் தொப்பிக்குப் பீவர் முடி வேண்டும் என்பதால் அண்மை ஆண்டுகளில் பீவர் தோலுக்கும் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. அணை கட்டிச் சாலையை மூழ்கடிக்கும் பீவரைப் பிடித்துக் கொடுக்க நகராட்சிகள் கூலி தருகின்றன. என் வாடிக்கையாளர் ஒருவருக்குத் தோலில் வரும் பணத்தைவிட இந்தக் கூலி அதிகம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தும் சில கணக்குகள் நட்டத்தில்தான் முடிகின்றன. ஏன் விடவில்லை என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். சிரிப்பார்கள், அடுத்த ஆண்டும் ரசீதுகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

மாலதி, மதுரை: கோபப்பட வேண்டாம் ஐயா. அழகுக்காக உயிரைக் கொல்லும் தொழில் அழிந்தால் என்ன நட்டம்?

இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆடைக்காக ஒரு விலங்கு பொறியில் துடிப்பதை ஏற்க மாட்டேன் என்று சொல்வது நேர்மையான நிலைப்பாடு. அந்த எதிர்ப்பு பயனில்லாமலும் போகவில்லை. கால்பிடிப் பொறியை ஐரோப்பிய ஒன்றியம் 1991 சட்டத்தில் தடை செய்து, அப்படிப் பிடிக்கும் நாடுகளின் தோலையும் தடுக்கப் பார்த்தது. அதன் விளைவாகத்தான் 1997இல் கனடாவும் ரஷ்யாவும் ஐரோப்பாவோடு பொறித்தர ஒப்பந்தம் செய்தன. இன்று கனடாவில் பொறி மாதிரிகள் சோதனையில் தேற வேண்டும், உரிமம் வாங்கப் பயிற்சி முடிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1983இல் ஐரோப்பா சீல் குட்டிகளின் தோலைத் தடை செய்தது. வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் குட்டிகளைப் பிடிப்பவர்கள் இல்லை; சட்டத்திலும் அவர்களுக்கு விலக்கு இருந்தது. கடையில் துணி பார்ப்பவருக்கு எந்தச் சீல் எது என்று தெரியுமா? மொத்தச் சந்தையும் படுத்தது, இனுயிட் ஊர்களின் வருமானமும் போனது. விலக்கு காகிதத்தில் மட்டும் இருந்தது.

பிரகாஷ், பெங்களூரு: யாரும் பிடிக்காவிட்டால் விலங்குகளுக்கு நல்லதுதானே?

பல இடங்களில் ஆம். அமெரிக்காவின் லூசியானாவில் இல்லை. அர்ஜென்டினாவிலிருந்து 1930களில் ரோமத்துக்காகக் கொண்டுவந்த நியூட்ரியா என்ற பெருஎலி அங்கே சதுப்பு நிலத்தில் பரவியது. எழுபதுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பிடித்தார்கள். எண்பதுகளில் விலை விழுந்து பிடிப்பவர்கள் போனதும் அது பெருகிக் கரையோரப் புல்லை வேரோடு தின்றது. புல் போனால் மண் கடலுக்குப் போகும். 2002இலிருந்து அரசு வாலுக்கு 4 டாலர் கொடுக்கத் தொடங்கியது, 2019இலிருந்து 6 டாலர். ஒரு காலத்தில் சந்தை கொடுத்த பணத்தை இப்போது வரிப்பணம் கொடுக்கிறது. தெற்கு டகோட்டாவும் 2019இல், ரக்கூன் போன்றவை பறவைக் கூட்டைத் தின்னாமல் இருக்க, வாலுக்குப் பரிசு அறிவித்தது.

ஆதவன், திருச்சி (கல்லூரி மாணவன்): லின்க்ஸ் எண்ணிக்கை பத்தாண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் என்று படித்தேன். அதற்கும் தோல் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு?

அந்தச் சுழற்சியைக் கண்டதே வியாபாரக் கணக்கேட்டில்தான், தம்பி. கனடாவில் தோல் வாங்கி விற்ற ஹட்சன் பே கம்பெனியின் பழைய தோல் வரவுகளை சார்ல்ஸ் எல்டன் என்ற ஆங்கில உயிரியலாளர் 1942இல் அலசினார். பனிமுயல் பெருகும், லின்க்ஸ் பெருகும். முயல் அழியும், ஓரிரு ஆண்டில் லின்க்ஸும் சரியும். கணக்கர்களுக்கு அறிவியலில் கிடைத்த அபூர்வமான மரியாதை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்! விலை உச்சமும் லின்க்ஸ் உச்சமும் ஒரே ஆண்டில் வந்தால் பிடிப்பவருக்கு யோகம். பெரும்பாலும் ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருக்காது.

தினேஷ், பிராம்ப்டன்: நான் தொடங்கலாமா, அண்ணா?

பணத்துக்கு என்றால் வேண்டாம். காடு பிடிக்கும் என்றால் முதலில் ஒன்டாரியோவின் பயிற்சி வகுப்பை முடியுங்கள், ஒரு குளிர்காலம் பழகியவர் ஒருவரோடு கூடவே போங்கள். சொந்தப் பொறித்தடம் உடனே கிடைக்காது, உதவியாளராகத்தான் தொடங்க வேண்டும். எண்ணெய் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ராணி, தஞ்சாவூர்: ஹட்சன் பே கடைகள் 2025இல் மூடிவிட்டதாகச் செய்தி வந்ததே. தோல் விலையை அது பாதித்ததா?

இல்லை அம்மா. 1670இல் பீவர் தோலுக்காகவே தொடங்கிய கம்பெனிதான், ஆனால் தன் தோல் ஏல வியாபாரத்தை 1987இலேயே விற்றுவிட்டது. 2025இல் மூடியது துணியும் பாத்திரமும் விற்ற கடைகள். பொறி வைப்பவர்களுக்கு அது ஒரு செய்தி மட்டுமே. அவர்கள் தோல் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வேறு ஏல நிறுவனங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.