செத்த பைப்பைச் சுவரிலேயே விடலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் மாமனார் 1960-களில் கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறோம். தண்ணீர் லைனை முழுக்க சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றியாகிவிட்டது. சுவருக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் அப்படியே கிடக்கட்டும் என்கிறார் பிளம்பர். நோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் கொத்தனார். கொல்லைப்புறக் குளியலறையை ஸ்டோர் ரூமாக மாற்றப்போகிறோம். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தண்ணீர் லைன் விஷயத்தில் நான் பிளம்பர் கட்சி. அந்தக் காலத்து வீட்டில் பெரும்பாலும் பில்லர் இருக்காது. செங்கல் சுவர்தான் மொத்த பாரத்தையும் தாங்கும். புதிய பைப்பைப் பதிக்க ஏற்கெனவே சுவரில் காடி (பள்ளம்) வெட்டியாயிற்று. பழையதை எடுக்க இன்னொரு முறை வெட்டினால் சுவர் தளர்ந்துவிடும். அதுவும் ஒன்பது அங்குலச் சுவரில் படுக்கைவாட்டுக் காடி ஒன்றரை அங்குல ஆழத்தைத் தாண்டவே கூடாது. காய்ந்து கிடக்கும் இரும்பு பைப்பால் ஒரு தொல்லையும் இல்லை.

காய்ந்து கிடந்தால்தான். பல வீடுகளில் குழாயைக் கழற்றி வாயில் ஒரு பிளக்கை முறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். மறுமுனை மாடித் தொட்டியோடு இணைந்தே இருக்கும். தண்ணீர் உள்ளேயே தேங்கி, பைப் துருப்பிடித்து, இரண்டு மூன்று வருடத்தில் சுவர் ஓதம் காத்துப் பெயின்ட் உப்பும். நீங்கள் புதிய பைப்பைச் சந்தேகப்பட்டு அதை உடைத்துக்கொண்டிருப்பீர்கள்! அதனால் லைன் எங்கே கிளை பிரிகிறதோ, அந்த ‘டீ’ (T வடிவ இணைப்பு) இடத்திலேயே துண்டித்து அடைக்கச் சொல்லுங்கள். பிறகு மேல்முனையைத் திறந்துவைத்து, கீழ்முனை வழியாக மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு இரண்டையும் மூடலாம்.

இன்னொன்று. பழைய வீடுகளில் தெருக்குழாய் லைன் தொட்டியில் சேராமல் தனியாக ஓடுவதுண்டு. நகராட்சித் தண்ணீர் வராத நேரத்தில் பார்த்தால் அது செத்த லைன் போலத்தான் தெரியும். தண்ணீர் விடும் நேரத்தில் ஒருமுறை பார்க்காமல் எதையும் வெட்ட வேண்டாம்.

வெட்டும் முன் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். எர்த் ஒயரை ஜி.ஐ. பைப்பில் சுற்றிவிடும் பழக்கம் அப்போது சிலருக்கு இருந்தது. அப்படி இருந்தால் பைப்பை வெட்டியதும் வீட்டுக்கு எர்த்தே இல்லாமல் போகும். புதிய எர்த் குழி போட்ட பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

கழிவுநீர் லைன் வேறு கதை. குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துவாரத்துக்குக் கீழே இருக்கும் நஹானி ட்ராப் என்ற கிண்ணத்தில் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை வாடை மேலே வருவதில்லை. அறையைப் புழங்காவிட்டால் அது ஆவியாகிவிடும். அப்புறம் வாடையும் கரப்பானும் தாராளமாக வரும், அரிசி மூட்டை வைக்கும் அறைக்குள்! மேலே டைல்ஸ் ஒட்டினால் போதாது. ட்ராப்பை உடைத்து எடுத்துவிட்டு, பைப் வாயைச் செங்கல் ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு அடையுங்கள். வெளியே சேம்பரில் (கழிவுநீர்த் தொட்டியில்) அந்த பைப் வந்து சேரும் முனையையும் அதேபோல அடையுங்கள். நடுவில் மண்ணுக்குள் கிடப்பது பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப்பாக இருந்தால் தோண்டி எடுப்பது நல்லது. இணைப்பு விட்டுப்போன இடத்தில் எலி புகும், மண் உள்ளே இறங்கித் தரை அமுங்கும். தோண்ட முடியாவிட்டால் தண்ணியான சிமென்ட் கலவையை ஊற்றி நிரப்பலாம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பைப் இருந்தால் கிரைண்டர் வைக்க விடாதீர்கள்; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, முழுசாகக் கழற்ற வேண்டும்.

புழங்காத செப்டிக் டேங்க் இருந்தால் லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, அடித்தளத்தில் வெளியிலிருந்தே ஓட்டை போட்டு, மணலைத் தண்ணீர் விட்டு இறுக்கி நிரப்புங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

சுவரில் விட்டுவைத்த பைப் எங்கே போகிறது என்று, பூசுவதற்கு முன் டேப்பை விரித்துப் பிடித்துப் போட்டோ எடுத்துவையுங்கள். ஏசி மாட்ட வருபவர் டிரில்லை எடுத்ததும் முதலில் அதைக் காட்டுங்கள்.