ஆலோசகர் வரட்டும், கேள்வி கேட்க ஆள் எங்கே?

கேள்வி: பொதுப் போக்குவரத்தைத் திட்டமிட நம் மாநில அரசும் மாநகர் மன்றங்களும் ஏன் எப்போதும் வெளியிலிருந்து ஆலோசகர்களை வரவழைக்கின்றன? இங்கே பொறியாளர்களே இல்லையா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆலோசகரைக் கூப்பிடுவதையும் நான் குறை சொல்லமாட்டேன். இருபது வருடம் கழித்து எந்தத் தடத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கணிப்பது தனி வித்தை. எப்போதோ ஒரு முறை தேவைப்படும் அந்த வேலைக்கு நிரந்தரச் சம்பளத்தில் ஆள் வைப்பது கட்டுப்படியாகாது. சரி, அறிக்கை வந்து மேசையில் விழுந்த பிறகு, "இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது ஐயா?" என்று கேட்க உள்ளே ஒருவர் வேண்டுமே! என் கவலை அதுதான்.

பினாங்கின் கதையையே பாருங்கள். பிரிட்டனின் ஹால்குரோ நிறுவனம் முன்னின்று தயாரித்த போக்குவரத்துப் பெருந்திட்டத்தை மாநில அரசு 2013-இல் ஏற்றுக்கொண்டது. டிராம், பஸ், சாலை எல்லாம் சேர்த்துச் சுமார் 2,700 கோடி வெள்ளி (ரிங்கிட்). அப்புறம் அதை நிறைவேற்ற ஆள் தேடினார்கள். 2015-இல் கமுடா என்ற கட்டுமான நிறுவனத்தின் தலைமையிலான எஸ்.ஆர்.எஸ். கூட்டமைப்பு தேர்வானது. திட்டம் 4,600 கோடியாகிவிட்டது. டிராமுக்குப் பதில் எல்.ஆர்.டி. என்ற இலகு ரயில், செலவுக்குப் பணம் திரட்டத் தெற்குக் கடலைத் தூர்த்து மூன்று தீவுகள். தையல்காரரே துணிக்கடையும் வைத்திருந்தால் அளவு தாராளமாகத்தான் இருக்கும். பழைய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஏன் மாறியது?" என்று பொதுவில் விடாமல் கேட்டவர்கள் பினாங்கு ஃபோரம் என்ற குடிமக்கள் அமைப்பினர். அதுவும் சம்பளமில்லாமல்! பிறகு 2023-இல் மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கியது, 2024-இல் எல்.ஆர்.டி.யை மத்திய அரசே எடுத்துக்கொண்டது.

இத்தனைக்கும் ஜார்ஜ்டவுன் ஒரு காலத்தில் டிராமையும், 1961 வரை டிராலிபஸ்ஸையும் (மேலே செல்லும் மின்கம்பியில் ஓடும் பஸ்) நகராட்சியின் பொறுப்பிலேயே ஓட்டிய ஊர். இன்று பஸ் உரிமம் தரும் அதிகாரம் மத்திய அரசிடம். ரேப்பிட் பினாங்கு பஸ்கள் நிதியமைச்சுக்குச் சொந்தமான பிரசரானா நிறுவனத்திடம். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நின்றது, நின்றதுதான். தேர்தலில்லாமல் மன்றத்துக்கு வரும் நியமன உறுப்பினர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஓட்டும் பொறுப்பு போனால் ஓட்டத் தெரிந்தவர்களும் போய்விடுவார்கள். மிஞ்சுவது, அறிக்கையை வாங்கி அலமாரியில் வைக்கும் பிரிவு.

தலைநகரிலும் இதே கூத்துதான். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இரண்டு எல்.ஆர்.டி. தடங்கள் சந்தித்தும், 2011 வரை ஒன்றிலிருந்து வெளியே வந்து மற்றதற்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. தடத்துக்குத் தடம் நிபுணர்கள் இருந்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யார்?

இன்னொன்றும் சொல்கிறேன். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் காலையில் போய் நில்லுங்கள். இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு கார் நிற்கும்; உள்ளே ஆள் இருக்காது, நான்கு விளக்கும் மினுக்கும். பஸ் அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும், அடுத்த பஸ்ஸும் வந்து ஒட்டிக்கொள்ளும். மேலே நிறுத்தத்தில் காத்திருக்கிற அம்மாவுக்கு வெகுநேரம் பஸ்ஸே வராது, வந்தால் இரண்டும் ஒன்றாக வரும். அந்தக் காருக்குச் சம்மன் எழுத எந்த ஆலோசகரும் வேண்டாம். அந்த அதிகாரம் மன்றத்திடமே இருக்கிறது.

ஆலோசகரை அமர்த்தும் ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் கட்டாயம் இருக்கவேண்டும். ஒன்று, அவர் திரட்டிய பயணிகள் கணக்கும் கணினிக் கோப்புகளும் மன்றத்துக்கே சொந்தம். இரண்டு, திட்டம் தீட்டியவர் கட்டுமானக் குத்தகைக்கு வரக்கூடாது. கட்ட வந்தவர் திட்டத்தைத் திருத்தக்கூடாது. நீங்கள் பட்டர்வொர்த்காரர். செபராங் பிறை மாநகர் மன்றத்தில் அந்தக் கோப்புகளைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கடிதம் போட்டுக் கேளுங்களேன். பதில் வந்தால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.