செம்பா, அலுமினியமா? ரேடியேட்டர் கேள்விகள்

அம்பாசடருக்கு அலுமினிய ரேடியேட்டர் போட்டால் ஹீட்டே ஆகாதாமே? (மஞ்சக்குப்பம்)

யார் சொன்னது? வெப்பம் கடத்துவதில் செம்பு சுமார் 400 என்றால் அலுமினியம் 235தான். ஆனால் பழைய ‘செம்பு’ ரேடியேட்டரில் ஃபின் (காற்றுபடும் மெல்லிய தகடு) மட்டுமே செம்பு. குழாய் பித்தளை, இடையில் ஈயப்பற்று. அங்கேதான் கோட்டை விடும். அலுமினியத்தில் குழாயை அகலமாகப் போட முடியும். கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசமில்லை, எடைதான் குறையும். கோர் (குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) நன்றாக இருந்தால் மாற்றாதீர்கள்.

ஒழுகினால் எதைச் சரிசெய்வது சுலபம்? (வில்லியனூர்)

செம்பு. ஈயம் வைத்தால் முடிந்தது. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங். கை தவறினால் ஓட்டை பெரிதாகும்.

பத்மினி கார் ஹீட் ஆகுது. என்ன செய்ய? (கடலூர்)

எப்போது ஹீட் ஆகிறது? சிக்னலில் நிற்கும்போதா, ஈசிஆரில் 80-ல் போகும்போதா? அதை எழுதாமல் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். நிற்கும்போது என்றால் ஃபேன், பெல்ட். ஓடும்போது என்றால் பெரும்பாலும் கோர் அடைப்பு.

வீட்டில் போர் தண்ணீர்தான். ஊற்றலாமா? (முதலியார்பேட்டை)

கூடாது. எத்தனை முறை எழுதுவது! என் ஹெரால்டு காரை ஒரு ஷெட்டில் விட்டேன். பையன் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் மொண்டு ஊற்றியிருக்கிறான், இரண்டு கோடைக்கு. மேல் டேங்கின் பற்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழாய்களின் வாயில் டீ பாய்லர் அடியில் படியுமே, அந்த மாதிரி வெள்ளைப் படிவு, மேலே துருச்சேறு. செம்பு என்பதால் ராட் விட்டுக் குத்தி எடுத்தோம். அலுமினியமாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். கடலோரத்து நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அது அலுமினியத்தின் மேல்தோலை அரித்துப் பொத்தல் போடும். வார்ப்பிரும்பு என்ஜினோடு சேர்ந்தால் இன்னும் வேகம். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. புது ரேடியேட்டர் மாட்டுமுன் என்ஜின் பிளாக்கை ஃப்ளஷ் செய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய துரு அதற்குள் போய் உட்காரும்.

ஒழுகலுக்கு மஞ்சள்தூள்? (நெல்லிக்குப்பம்)

சாம்பாரில் போடுங்கள்.

7 பவுண்டு மூடிக்குப் பதில் 15 பவுண்டு போடலாமா? (அரியாங்குப்பம்)

மூடி பிடித்து வைக்கும் அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால் சுமார் ஒன்றரை டிகிரி கொதிநிலை ஏறும், உண்மை. பழைய ஈயப்பற்றும் ஹோஸும் தாங்க வேண்டுமே! வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், இதையும் பலமுறை எழுதிவிட்டேன்.

அலுமினியம் பளபளவென்று தெரிகிறது. கறுப்பு அடிக்கலாமா? (உப்பளம்)

அடிக்கலாம், மெல்லிசாக ஒரே கோட். ஃபின் இடுக்கு அடைபடக் கூடாது.