ஹாமர்ஃபெஸ்ட்: கேள்வி பதில்

நார்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையோரத்துக் குவாலோயா தீவில் இருக்கும் ஹாமர்ஃபெஸ்ட் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

துருவத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் துறைமுகம் உறையாதது எப்படி? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

கடல் நீரோட்டம்தான் காரணம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் நார்வேக் கரையை ஒட்டியே வடக்கே ஏறி பேரன்ட்ஸ் கடல் வரை போகிறது. ஹாமர்ஃபெஸ்ட் வட அட்சம் 70 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. ஆனாலும் ஜனவரி சராசரி சுழியத்துக்குக் கீழே ஐந்து டிகிரி அளவில்தான். சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் இதைவிடத் தெற்கே, 67 டிகிரியில் உள்ளது. அங்கே ஜனவரி சராசரி சுழியத்துக்குக் கீழே நாற்பதைத் தாண்டும். அட்சரேகையை மட்டும் பார்த்துக் குளிரைக் கணிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஊரின் வரலாறே இந்த உறையாத துறைமுகத்திலிருந்துதான் தொடங்குகிறது. பின்மார்க்கின் வணிகம் நெடுங்காலம் வெளியூர் ஏகபோகக்காரர்கள் கையில் இருந்தது. அது நீங்கியபின் 1789இல் ஹாமர்ஃபெஸ்டுக்கு நகர உரிமை கிடைத்தது. வெண்கடல் பக்கத்து ரஷ்ய போமோர்கள் மாவும் மரமும் கொண்டுவந்து மீன் வாங்கிப் போனார்கள். வேளாண்மைக்கு வழியில்லாத இந்தக் கரைக்கு அந்த மாவு சோறு போலத்தான். 1893இல் ஹுர்டிக்ரூட்டன் என்ற நார்வேக் கரையோரக் கப்பல் சேவை தொடங்கியபோது முதல் பயணம் ட்ரோண்ட்ஹெய்மில் புறப்பட்டு இங்கேதான் முடிந்தது.

துருவக்கரடி தெருவில் வருமா? (மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

வராது. ஊர்ச் சின்னத்தில் கரடி இருப்பது, இங்கிருந்து வேட்டைக்கப்பல்கள் வடக்கே ஆர்க்டிக்கிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போனதன் நினைவாக.

அங்கே ஏதோ அளவைத் தூண் இருக்கிறதாமே? (ஓய்வுபெற்ற நில அளவையாளர், வேலூர்)

நீங்கள் கேட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஃபுக்லெனெஸ் முனையில் 1854இல் நிறுவிய கருங்கல் தூண், உச்சியில் உலக உருண்டையுடன் நிற்கிறது. பூமியின் வடிவத்தை அறிய 1816 முதல் 1855 வரை வானியலாளர் ஸ்ட்ரூவே தலைமையில் ஒரு தீர்க்கரேகை வில்லை, அதாவது தெற்கு வடக்காக ஓடும் ஒரு நீண்ட கோட்டை, அளந்தார்கள். கருங்கடல் அருகிலிருந்து முக்கோணம் முக்கோணமாக 2,820 கிலோமீட்டர் நீளும் அந்த வில்லின் வடக்கு முனை இதுதான். 2005இல் யுனெஸ்கோ அந்த வில்லை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பூமி துருவங்களில் தட்டையாக இருந்தால், வடக்கே போகப்போக ஒரு டிகிரி அட்சத்தின் நீளம் கூட வேண்டும். அதைச் சரிபார்க்க ஒரே வில் போதாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒன்றும் வடக்கே ஒன்றும் வேண்டும். உங்கள் துறையின் முன்னோடி லாம்ப்டன் 1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்திய வில், அதே கேள்விக்குத் தெற்கிலிருந்து வந்த விடை. இந்தத் தூண் எழுவதற்கு முன்பே, 1823இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் எட்வர்ட் சபைன் இதே ஃபுக்லெனெஸில் ஊசலை ஆடவிட்டு ஈர்ப்புவிசையை அளந்தார்.

ஊரில் பழைய கட்டடமே இல்லை என்கிறார்களே? (பயணப் பிரியர், ஈரோடு)

உண்மை. 1890 தீயில் ஊரின் பெரும்பகுதி போனது. மறு ஆண்டே மின் தெருவிளக்கு போட்டார்கள். வட ஐரோப்பாவில் அவ்வசதி பெற்ற முதல் ஊர்களில் ஒன்று. நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை சூரியன் எழாத ஊருக்கு அது சிறிய காரியமல்ல. ஆனால் இன்று பழையது எதுவும் காணக் கிடைக்காததற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். பின்வாங்கிய ஜெர்மன் படை மக்களை விரட்டிவிட்டு ஊரை எரித்தது. கல்லறைத் தோட்டத்தில் 1937இல் கட்டிய சிற்றாலயம் ஒன்றுதான் மிஞ்சியது.

எரித்தது போர்த்தேவை. நியூரம்பெர்க் நீதிமன்றமே அப்படிச் சொல்லி விடுவித்ததே! (வழக்கறிஞர், மதுரை)

பாதி சரி. கிழக்கே சோவியத் படை 1944 அக்டோபர் 25இல் கிர்கெனெஸைப் பிடித்தது. மூன்று நாளில் ஹிட்லரின் ஆணை வந்தது: மக்களை வெளியேற்று, எல்லாவற்றையும் அழி. ஏறத்தாழ 50,000 பேரைத் தெற்கே கொண்டுபோனார்கள். 25,000 பேர் அளவில் குகைகளிலும் மலைக்குடில்களிலும் ஒளிந்து அந்தக் குளிர்காலத்தைக் கடந்தார்கள். அங்கிருந்த ஜெர்மன் படையின் தளபதி லோதர் ரெண்டுலிச் மீதான இந்தக் குற்றச்சாட்டை 1948இல் நியூரம்பெர்கில் அமர்ந்த அமெரிக்க நீதிமன்றம் தள்ளியது. பின்னால் பார்க்கையில் தேவை இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் கையிலிருந்த தகவலை வைத்து அப்போது அவருக்குத் தேவை என்று பட்டிருக்கலாம் என்பது அதன் வாதம். வேறு குற்றங்களுக்காக அவருக்கு 20 ஆண்டு தண்டனை விதித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் வாதம் முடிந்தது அல்லவா? (அதே வழக்கறிஞர்)

முடியவில்லை. தேதிகளைப் பாருங்கள். சோவியத் படை கிழக்குப் பின்மார்க்கின் ‘தானா’ என்ற ஆற்றுப் பகுதியைத் தாண்டி மேற்கே துரத்தி வரவில்லை. ஜெர்மானியர் அதைவிட வெகு மேற்கே, லிங்கன் (Lyngen) என்ற இடத்தில் அமைத்த அரணுக்குப் போய்விட்டார்கள். ஹாமர்ஃபெஸ்ட் இரண்டுக்கும் நடுவில். கடைசி ஜெர்மன் வீரர்கள் இங்கிருந்து கிளம்பியது 1945 பிப்ரவரி 10இல். எதிரி வந்துவிடுவான் என்ற அக்டோபர் அச்சம் பிப்ரவரியில் எங்கே? ரெண்டுலிச் அன்று என்ன நினைத்தார் என்பதைத்தான் நீதிமன்றம் எடைபோட்டது. இந்த ஊரில் மாதக்கணக்கில் நடந்ததற்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தில் கருத்துக்கு இடமில்லை, ஐயா. தளபதியின் அன்றைய நம்பிக்கையே அளவுகோல். (அவரே, மூன்றாம் முறை)

அந்த அளவுகோலை நான் மறுக்கவில்லை. நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்ததா என்று ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியே கேட்கவேண்டும் என்கிறேன். 1949 ஜெனீவா ஒப்பந்தம் ஆக்கிரமித்த நிலத்தில் உடைமை அழிப்பை, போர் நடவடிக்கைக்கு முற்றிலும் இன்றியமையாத இடத்தில் தவிர, தடை செய்தது. வீட்டை இழந்தவர்கள் பக்கத்திலிருந்தும் அந்த வரியைப் படியுங்கள். இதில் மேலும் எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அழிந்த இடத்திலேயே ஏன் கட்டினார்கள்? (இல்லத்தரசி, கொழும்பு)

மீனும் துறைமுகமும் இடம் மாறவில்லையே, அம்மா. வீடில்லை, உணவில்லை, கண்ணிவெடி உண்டு என்று அரசு திரும்புவதற்குத் தடை போட்டிருந்தும் மக்கள் 1945 கோடையிலேயே வந்து சேர்ந்தார்கள். தற்காலிகக் கொட்டகைகளில் குளிர்காலம் கழித்தார்கள். அந்த மீள்கட்டுமானத்துக்கென்றே ஊரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு.

பின்மார்க் கரையின் மீன் ஆலைகளில் பிறகு ஈழத்தமிழர் பலர் வேலை செய்தார்கள். உங்கள் உறவுகளிலேயே யாராவது இருக்கக்கூடும்.

கரடி நிச்சயம் வராதா? குடும்பத்துடன் போகிறோம். (கோவை)

மேலே சொல்லிவிட்டேன். வருவது ரெயிண்டீர் என்ற பனிமான். கோடையில் ‘சாமி’ என்ற வடபுலப் பழங்குடி மக்களின் மந்தைகள் தீவில் மேயும். வேலி போட்டும் தெருவுக்குள் நுழைந்துவிடும். அவை உரிமையாளர் உள்ள கால்நடைகள். துரத்தாதீர்கள், தீனி போடாதீர்கள்.

குவாலோயா மலைச்சிகரங்களின் படம் அனுப்பியிருக்கிறேன், எந்த இடம்? (சேலம்)

அது ட்ரோம்சோ அருகிலுள்ள இன்னொரு குவாலோயா. நார்வேயில் இந்தப் பெயரில் தீவுகள் ஒன்றுக்கு மேல். விடுதி பதியும்முன் வரைபடத்தைப் பாருங்கள்.

எரிவாயு வந்தபின் ஊர் பணக்கார ஊராகிவிட்டதா? (பொறியாளர், சிங்கப்பூர்)

ஸ்னோவிட் எரிவாயு வயல் 140 கிலோமீட்டர் தள்ளி, கடலடியில். வாயு குழாய் வழியே ஊரெதிரே உள்ள மெல்கோயா தீவுக்கு வருகிறது. அதைத் திரவமாக்கும் ஆலை 2007இல் ஓடத் தொடங்கியது. வரி வருமானம் பெருகி, பள்ளிகளும் பண்பாட்டு மையமும் எழுந்தன. 2020 செப்டம்பரில் ஆலையில் தீப்பிடித்து 2022 வரை உற்பத்தி நின்றது. இப்போது ஆலையைக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்து ஓட்டும் திட்டம் நடக்கிறது. மின்கம்பிகள் மேய்ச்சல் நிலத்தைத் துண்டாடும் என்று சாமி மேய்ப்பர்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

வடவொளியைப் படம்பிடிக்க எந்தக் கேமரா வாங்கலாம்? (நான்கு பேர்)

என் துறையல்ல. புகைப்படக்காரர்களைக் கேளுங்கள். ஜூனில் போகிறவர்கள் கேமராவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் மறைவதில்லை, வடவொளி தெரியாது.