பஸ்ராவில் கூப்பிட்ட வீட்டுக்குச் சாப்பிடப் போகலாமா?

கேள்வி: என் மகன் ஈராக்கில், பஸ்ரா பக்கம் எண்ணெய் வயலில் வெல்டராக இருக்கிறான். கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம். 2014-ல் நடந்ததை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. போகாதே என்று சொல்லிவிடவா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் பயம் வீண் பயம் இல்லை அம்மா. மொசூலில் வேலைக்குப் போன நம் நாட்டவர் 39 பேரை ஐ.எஸ். கும்பல் கடத்திக் கொன்றதும், அவர்கள் உயிரோடு இல்லை என்பதே 2018-ல்தான் உறுதியானதும் யாருக்கு மறக்கும்? ஆனால் அந்த ஊரையே கும்பல் பிடித்ததால் சிக்கியவர்கள் அவர்கள், யார் வீட்டுக்கோ சாப்பிடப் போய் மாட்டியவர்கள் இல்லை. அதனால் போகட்டும் என்றுதான் சொல்வேன்.

தினமும் கூட நின்று வேலை பார்க்கிறவர் கூப்பிட்டால் போகலாம், டாக்ஸியில் பழகினவர் கூப்பிட்டால் வேண்டாம். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் வீட்டு விலாசத்தோடு சொல்லிவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் போய், இருட்டுவதற்குள் கேம்ப் திரும்பிவிட வேண்டும். ஆபத்து பெரும்பாலும் போகிற வழியில்தான், பந்தியில் இல்லை. அந்த வாரம் ஊரில் கலவரம், போராட்டம் என்றால் தள்ளிப்போடட்டும், நண்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாப்பாட்டில் உங்கள் பிள்ளைக்குக் கஷ்டமே இருக்காது. அங்கே கொண்டாடுகிற ஜுபைதி மீன் நம் முதுநகர் துறைமுகத்தில் வாங்குகிற வெள்ளை வவ்வால்தான், தொட்டுக்கொள்ள மஞ்சளும் வெந்தயமும் போட்ட அம்பா என்கிற மாங்காய் ஊறுகாய் வரும், அது இந்தியாவோடு வியாபாரம் செய்தவர்கள் வழியாக அங்கே போனது. பெரிய தட்டில் சோற்றைக் குவித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதும் உண்டு, நம் கடற்கரை ஊர்களில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் சஹன் சாப்பாடு பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. வலது கையால், தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். போட்டுக்கொண்டே இருப்பார்கள், நெஞ்சில் வலது கையை வைத்துப் போதும் என்றால் புரிந்துகொள்வார்கள். வீட்டுப் பெண்கள் உள்ளே தனியாகச் சாப்பிடலாம், அவர்களைப் பற்றி விசாரிப்பதும் போட்டோ எடுப்பதும் கூடாது. அரசியல் பேச்சும் வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தண்ணீரைப் பற்றித்தான். 2018 கோடையில் பஸ்ராவில் கெட்டுப்போன குடிநீரால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூடி திறக்காத பாட்டில் தண்ணீர், இல்லையென்றால் கொதிக்கக் கொதிக்கத் தருகிற டீ, இரண்டும் போதும். ஐஸ் போட்ட சர்பத் வேண்டாம்.

வெறுங்கையோடு போக வேண்டாம். அடுத்த தடவை லீவில் வந்து திரும்பும்போது பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ கட்டிக் கொடுங்கள், இப்போதைக்கு அங்கேயே ஸ்வீட் வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம், கிளம்பும்போதும் கேம்ப் வந்து சேர்ந்ததும் உங்களுக்கு வாட்ஸ்அப் போடச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் கூப்பிடாதீர்கள், பந்தியில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டே இருந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு மனசு சங்கடப்படும்.