பள்ளிக் கட்டடத்தில் மழைநீர்: கேள்வி பதில்

தலைமையாசிரியர் ஒருவர்: எங்கள் மொட்டை மாடி 500 சதுர மீட்டர். எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியானால் 20 மி.மீ. மழைக்கு உங்கள் மாடியில் 10,000 லிட்டர் விழும். தளம் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக, எட்டாயிரம் தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை ஒருவர்: மழைநீர் அமைப்பு இருக்கிறது, தொட்டிக்குத்தான் தண்ணீர் வருவதில்லை. மாடியிலேயே தேங்குகிறது.

முதலில் மாடிக்கு ஏறிப் பாருங்கள். இதே புகாரோடு ஒரு பள்ளியில் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் வரைபடமெல்லாம் விரித்து வைத்திருந்தார்கள். நான் மாடிக்குப் போய்க் குழாய் வாயில் கையை விட்டேன். கூழாய்ப் போன இலைச்சருகு, அதற்கடியில் ஒரு டென்னிஸ் பந்து! எடுத்ததும் களகளவென்று இறங்கிவிட்டது. பள்ளிக்கூட மாடியில் பந்து கிடைக்காமல் வேறென்ன கிடைக்கும்? குழாய் வாயில் குமிழ் போல எழும்பிய கம்பிவலை மாட்டுங்கள். தட்டை வலை என்றால் நாலு இலை விழுந்தாலே மூடிக்கொள்ளும்.

அங்கே அடைப்பு இல்லையென்றால் வடிகட்டியைப் பாருங்கள். மேலே மணல், நடுவில் ஜல்லி, அடியில் பெரிய கல் என்று இருக்கும். பெரும்பாலும் அடைவது மேல் மணல்தான். படிந்த வண்டலைச் சுரண்டிவிட்டுப் புது மணல் போட்டால் போதும், முழுக்கத் தோண்ட வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை, நடுவில் ஒருமுறை செய்யுங்கள். புதுசாகக் கட்டப் பணம் கிடைத்துவிடும், மணல் மாற்றக் கிடைக்காது. என் அனுபவம் அப்படி.

பெற்றோர் ஒருவர்: பிள்ளைகள் அதைக் குடிக்கலாமா?

அப்படியே குடிக்கக் கூடாது. முதல் மழையோடு பறவை எச்சமும் தூசியும் வரும், அதை வெளியே விட்டுவிட வேண்டும். பிறகு சேர்ந்ததையும் வடிகட்டிக் கொதிக்க வைக்காமல் கொடுக்காதீர்கள். கழிவறைக்கும் செடிக்கும் அதைத் திருப்பிவிட்டாலே நல்ல தண்ணீர் நிறைய மிச்சம்.

இன்னொருவர்: திடலில் ஓடுகிற தண்ணீரை நேரே ஆழ்துளைக் கிணற்றில் இறக்கலாமா?

கூடவே கூடாது. சேறும் கழிவும் நிலத்தடி நீரில் கலந்துவிடும். உறிஞ்சுகுழி வெட்டுங்கள். அதற்கு முன் சின்னதாய் ஒரு பள்ளம் தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் அப்படியே நின்றால் களிமண். வேறு இடம் பாருங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி: ஐயா, நாங்கள் என்ன செய்யலாம்?

துப்பறியலாம்மா! ஃப்ளஷ் தொட்டிக்குள் உணவு வண்ணம் கொஞ்சம் கரைத்துவிடுங்கள். யாரும் அழுத்தாமலே அரை மணிக்குள் கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே ஒழுகுகிறது. அப்புறம், பள்ளி பூட்டும்போது தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் திறந்ததும் பாருங்கள். ஆளில்லாத இரவில் எண் ஓடியிருந்தால் எங்கோ கசிவு, இல்லையேல் தொட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. இரண்டு எண்ணையும் எழுதித் தலைமையாசிரியர் மேஜையில் வைத்துவிடு.