உரிமம் முடிந்தும் ஓடும் டர்பைன்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் நீர்மின் உரிமத்தைப் புதுப்பிக்க ஏன் இத்தனை வருடம் இழுக்கிறது, இதை யார்தான் தட்டிக் கேட்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையில் சொல்கிறேன்.

கேள்வி: சார், உரிமக் காலம் முடிந்துவிட்டால் அணையை நிறுத்திவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். புதிய உரிமம் வரும்வரை, பழைய நிபந்தனைகளோடு ஓராண்டு உரிமம் கிடைக்கும். அது வருடாவருடம் நீண்டுகொண்டே போகும். கலிபோர்னியாவின் ஓரோவில் அணையின் உரிமம் 2007 ஜனவரியில் முடிந்தது. 2017 பிப்ரவரியில் அதன் உபரிநீர்ப் போக்கி அரித்துக்கொண்டுபோய், சுமார் 1,88,000 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்களே, அப்போதும் அந்த ஓராண்டு உரிமத்தில்தான் அணை இயங்கியது. (அரிப்புக்கும் தாமதத்துக்கும் நான் முடிச்சுப் போடவில்லை.)

கேள்வி: மின்சாரம் வந்துகொண்டுதானே இருக்கிறது? யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: முதல் நஷ்டம் ஆற்றுக்கு. ஸ்னேக் ஆற்றில் ஹெல்ஸ் கேன்யன் அணைத்தொகுதிக்கு 1955-இல் கொடுத்த உரிமம் 2005-இல் முடிந்தது. 1955-இல் தூய நீர்ச் சட்டமும் இல்லை, அழியும் உயிரினங்கள் சட்டமும் இல்லை. உரிமம் முடிந்து பல வருடம் கழித்தும் அந்தக் காலத்து நிபந்தனைதான் அடிப்படை. முதலாளிக்கும் சிக்கல் உண்டு: நாளைய நிபந்தனை தெரியாமல் புது டர்பைனில் யார் பணம் போடுவார்கள்?

கேள்வி: கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது அண்ணா?

பதில்: எல்லோரும் ஃபெர்க் எனப்படும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தைத் திட்டுவார்கள். அங்கே காலக்கெடு தெளிவு: உரிமம் முடிய ஐந்து, ஐந்தரை வருடம் முன்பே விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும், குறைந்தது 2 வருடம் முன்பு விண்ணப்பம். ஆனால் தூய நீர்ச் சட்டத்தின் 401-ஆம் பிரிவுப்படி மாநிலத்தின் நீர்த்தரச் சான்று இல்லாமல் ஆணையம் உரிமம் தர முடியாது. மாநிலம் அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அதிகாரம் போய்விடும்.

இதைச் சுற்றிவர ஒரு தந்திரம் உண்டு. கிளாமத் ஆற்று அணைகளுக்கான உரிமம் 2006-இல் முடிந்தது. ஒவ்வொரு வருடமும் கெடு முடியும் முன் நிறுவனம் ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் அனுப்பும்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம், மீண்டும் சமர்ப்பிக்கிறோம். உள்ளே ஒரு வரி மாறியிருக்காது, ஆனால் ஒரு வருடக் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். கலிபோர்னியாவும் ஆரிகனும் ஒப்புக்கொண்டே பத்து வருடத்துக்கு மேல் இப்படி ஓட்டினார்கள். ஹூபா பள்ளத்தாக்குப் பழங்குடியினர் வழக்குப் போட, 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலங்களின் அதிகாரம் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்றது. அந்த ஆற்றின் நான்கு அணைகளைப் பிறகு 2023, 2024-இல் இடித்தே விட்டார்கள்.

கேள்வி: ஹூவர் அணைக்கும் இதே பாடா?

பதில்: இல்லை. அது கூட்டாட்சி அரசின் சொந்த அணை, ஃபெர்க் உரிமம் தேவையில்லை.

கேள்வி: அப்படியானால் ஃபெர்க்கை யார் கண்காணிக்கிறார்கள்?

பதில்: நாடாளுமன்றமான காங்கிரஸ் விசாரணைக்கு அழைக்கலாம், சட்டத்தையே மாற்றலாம். அதன் தணிக்கை அலுவலகம் 2001-இல் உரிம நடைமுறையை ஆராய்ந்தபோது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு காலமும் செலவும் ஆகிறது என்ற முறையான கணக்கே ஆணையத்திடம் இல்லை என்று கண்டது. எனக்கு இதுதான் பெரிய குறை. கோப்பு யாரிடம் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதி வைக்காமல் யாரைக் கேள்வி கேட்பது? 2018 சட்டம் சில வகைத் திட்டங்களுக்கு 2 வருட விரைவு வழி திறந்தது. அது புதிய திட்டங்களுக்கு; புதுப்பிக்கக் காத்திருக்கும் பழைய அணைகளுக்குப் பயனில்லை.

கேள்வி: கெடுவைக் கறாராக வைத்து முடித்துவிட்டால் போதாதா?

பதில்: குறுக்குவழியில் முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மேரிலாந்தின் கோனொவிங்கோ அணை. 2014-இல் உரிமம் முடிந்தது. மாநிலம் 2018-இல் கடும் நிபந்தனைகளோடு சான்று கொடுத்தது. நிறுவனம் எதிர்க்க, சமரசம் பேசி, கொடுத்த சான்றையே மாநிலம் விட்டுக்கொடுத்தது. 2021 மார்ச்சில் ஆணையம் 50 வருட உரிமம் வழங்கியது. கொடுத்த சான்றைப் பின்தேதியிட்டுக் கைவிட முடியாது என்று 2022 டிசம்பரில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எட்டு வருடம் கழித்து கோப்பு திரும்பவும் ஆணையத்தின் மேசைக்கே வந்தது.